பிரியாமல் நீண்டவை

அந்த மாரியில் எத்தாளைப் பக்கம் மழை நாள் கணக்கில் பெய்தது. என் கணவர் அங்கே குத்தகைக் காணியில் மிளகாய் போட்டிருந்தார். கன்றுகள் அழுகிவிடும் என்று, தேங்கிய தண்ணீரை வெட்டிவிட வெறுங்காலோடு பாத்திக்குள் இறங்கினார். அடுத்த கிழமை, ஏழெட்டு நாளில், காய்ச்சல் வந்தது. டெங்கு என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு தொடையில் ஒரு கட்டி எழும்பியது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ள மனிதர். சின்னப் புண்கூட அவருக்கு இலேசில் ஆறாது.

நான் புத்தளத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பாலாவியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அவரையும் அங்கேதான் சேர்த்தோம். அதனால் அவருடைய இரத்தமும் சீழும் என் மேசைக்கே வந்தன. வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். ஆனால் வேறொருவர் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

நுணுக்குக்காட்டியின் கீழ் சின்னச் சின்னக் குச்சிகள் தெரிந்தன. இரண்டு முனைகளிலும் சாயம் அடர்ந்து, நடுவில் வெளிறியிருந்தன. முன்னரும் இரண்டொரு முறை இவற்றைக் கண்டிருக்கிறேன். மண்ணிலும் மழைத் தண்ணீரிலும் வாழும் பற்றீரியா. மெலியோய்டோசிஸ் என்ற வருத்தத்தைக் கொண்டுவருவது. முன்பு கண்டபோது அவை யாரோ ஒருவருடையவையாக இருந்தன. இந்தத் தடவை ஒவ்வொரு குச்சியும் இரண்டாகப் பிரிவதும், இரண்டு நாலாவதும் என் மனதுக்குள் ஓடத் தொடங்கிவிட்டது. அவர் கிடந்த வாட்டுக்குப் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போதும் அது நிற்கவில்லை.

நுண்ணுயிரியல் நிபுணரான ஒரு டொக்டர் அம்மா பெரிய ஆஸ்பத்திரியொன்றில் இருந்தார். சந்தேகமான மாதிரிகளை அவருக்குத்தான் அனுப்புவோம். அவரும் அதே வருத்தம்தான் என்று உறுதிப்படுத்தினார். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஊசிமருந்து ஏற்ற வேண்டும், ஒரு வேளையும் தவறக்கூடாது என்றார். நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்திருந்த காலம் அது. வாட்டில் சில நாட்களுக்கான மருந்துதான் இருந்தது.

மருந்து தொடங்கியும் காய்ச்சல் முழுதாக விடவில்லை. கட்டியிலிருந்து மறுபடியும் சீழ் எடுத்து அனுப்பினார்கள். சாயம் போட்டு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். சின்னக் குச்சிகளைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் நூல் நூலாக, வளைந்து நெளிந்து, பார்வை வட்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை ஓடும் நீளத்தில் எதுவோ கிடந்தது. பங்கசு என்ற பூஞ்சை புதிதாகத் தொற்றிவிட்டதோ என்று பயந்தேன். இல்லாவிட்டால் அதே பற்றீரியாதான் மருந்தைத் தின்று இப்படி வளர்ந்துவிட்டதோ? வேறொருவருடைய கண்ணாடித் தகட்டை மாறி வைத்துவிட்டேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாறவில்லை. அது அவருடையதுதான்.

டொக்டர் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரோடு சிங்களத்தில்தான் கதைப்பேன், அன்று அது தடுமாறியது. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பயப்பட வேண்டாம், அது மருந்தின் வேலை என்றார்.

படிக்கிற காலத்தில் பரீட்சைக்காகப் பாடமாக்கிய விசயந்தான். ஒரு பற்றீரியாவின் உயிர்க்கலம் முதலில் நீளமாக வளரும். போதிய அளவு வளர்ந்ததும் ஒரு வகைப் புரதம் கலத்தின் நடுவில் கூடி வளையமாக நிற்கும். அந்த வளையம் வேறு புரதங்களைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளும். அவற்றில் ஒன்று நடுவே குறுக்குச் சுவர் கட்டும். சுவர் முடிந்ததும் ஒன்று இரண்டாகும். அவருக்கு ஏற்றிய மருந்து சுவர் கட்டும் அந்தப் புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. வளர்ச்சிக்கான புரதங்கள் தம்பாட்டில் வேலை செய்கின்றன. கலம் நீள்கிறது, நீள்கிறது, ஆனால் பிரிய முடியாமல் கிடக்கிறது. நீண்டு நீண்டு கடைசியில் வெடித்துச் சாகும் என்றார் டொக்டர் அம்மா.

எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் மற்றதையும் சொன்னார். அவை எல்லாம் இன்னும் சாகவில்லை. மருந்து குறைந்தால் பிடி விடுபடும். ஒவ்வொரு நூலும் பல துண்டாகப் பிரிந்து, பழையபடி பெருகத் தொடங்கலாம்.

அன்று காலையில் ஏற்றியதுதான் வாட்டில் இருந்த கடைசி மருந்து. அடுத்த வேளை பிற்பகல் இரண்டு மணிக்கு. அதைவிடப் பலமான மருந்தும் கையிருப்பில் இல்லை. குருநாகல் ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பலாமா என்று வாட்டு டொக்டர் யோசித்தார். அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு போயிருந்தது. என் மூத்த சகோதரரான நானா பாலாவியிலிருந்து கொழும்புக்கு உப்பு ஏற்றும் லொறி ஓட்டுகிறவர். முதல் நாளே மருந்துச் சீட்டைக் கொடுத்து அனுப்பியிருந்தேன். கொழும்பில் நாலைந்து பார்மசி ஏறி இறங்கி, மருந்து கிடைத்துவிட்டது என்று காலையில் அறிவித்திருந்தார். அந்த நம்பிக்கையில்தான் இருந்தேன்.

மதியம் அவரே அழைத்தார்.

"தங்கச்சி, சிலாபத்துக்கிட்ட ரோட்டுக்கு மேலால தண்ணி போகுது. வாகனம் ஒண்டையும் விடுறாங்க இல்ல."

"எவ்வளவு நேரம் எடுக்கும் நானா?"

"எப்ப விடுவாங்கண்டு செல்லத் தெரியல்ல. மருந்து என்ட மடியிலதான் இருக்கு. நீ துஆ கேளு."

இரண்டு மணி ஆனது. தாதி வந்து வெறுங்கையோடு கட்டிலைத் தாண்டிப் போனார். நான் கணவரின் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். தொடையைச் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். உள்ளே அந்தப் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதும், நூல்களின் நடுவில் சுவர் எழும்புவதும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தன. அப்படிப் பார்க்கப் படித்திருக்கக் கூடாது என்று அன்று நினைத்தேன். அடுத்த கட்டிலுக்கு வந்திருந்த பெண் தஸ்பீஹ் மணி உருட்டி ஓதிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்ததால், என்னால் ஒரு துஆவைக்கூட முழுதாக ஓத முடியவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"என்னமோ கண்டிருக்கீங்க. எனக்குச் செல்லுங்க."

சொல்லிவிட்டேன். நூல்களைப் பற்றியும், மருந்து வரப் பிந்துவதைப் பற்றியும்.

"அப்ப அதுகள் சாகல்லையா?"

"கொஞ்சம் செத்திருக்கும். மிச்சம் பெருக ஏலாம கிடக்கு."

அவர் முகட்டைப் பார்த்தார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்த சிறுவன் அவர். அதைப் பற்றிக் கதைக்கும்போதுகூட ஒரு நாளும் அவர் குரல் உடைந்ததில்லை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றார் மெதுவாக.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அப்படிச் சொன்னதை நான் கேட்டதில்லை. எனக்கும்தான் என்றேன். அவருடைய நெற்றி சூடேறிக்கொண்டு வந்தது. துணியை நனைத்து நனைத்து வைத்தேன்.

பொழுது சாயும் நேரம், மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் நானா வந்தார். லொறியைச் சிலாபத்தில் விட்டுவிட்டு, முழங்காலளவு தண்ணீரில் நடந்து கடந்து, இந்தப் பக்கம் ஒரு பிக்கப் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். இடுப்பில் நனைந்த சாரத்தோடு தாதியின் கையில் பையைக் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் குந்தினார். மருந்து கரைக்கப்பட்டு, குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிந்திவிட்டதா, இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்த நாளும் காய்ச்சல் அடித்தது. அதற்கடுத்த நாள் குறைந்தது. மூன்றாம் தடவை எடுத்த சீழில் உடைந்த சக்கைகள்தான் தெரிந்தன, கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புத் தட்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை. அதன் பிறகு பல மாதங்கள் மருந்துக் குளிசை விழுங்கினார். மெலிந்து, முடி கொட்டி, மறுபடி தேறினார். இப்போது சப்பாத்து இல்லாமல் பாத்திக்குள் இறங்குவதில்லை.

இந்த வருத்தம் சிலருக்குத் திரும்பி வரும். அதை அவரிடம் ஒரு தடவைதான் சொன்னேன். போன மாரியில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது, வெறும் தடிமன்தான், சளிக்காய்ச்சல் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் இரத்தம் எடுத்து வளர்ப்புக்கு வைத்தேன். ஒன்றும் வளரவில்லை. வழமையாக வைத்திருக்கும் நாட்கள் முடிந்தும் அதைக் கழித்துவிட மனம் வரவில்லை. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று மூடி வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன்.