தகரத்துக்கு அந்தப் பக்கம்

போன வருடம் தை மாதம், மானிப்பாய்ப் பக்கம் நான் படிப்பிக்கும் முன்பள்ளியில் தொடங்கியது இது. எனக்கு எதிலும் கொஞ்சம் அதிகமாகவே சந்தேகம் வரும். என் கணவர் என்னை 'சிஐடி' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த முறை புதிதாகச் சேர்ந்தவர்களில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்பிள்ளையும் ஒருத்தி. நாலு வயது. யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டாள். மற்றப் பிள்ளைகள் கையைப் பிடித்தால் விறைத்துப்போய் நிற்பாள். பிஸ்கட்டை நீட்டினால் வாங்கமாட்டாள்; மேசையில் வைத்துவிட்டு விலகினால்தான் எடுப்பாள். ஒருநாள் தலையைத் தடவக் கையைத் தூக்கினேன், முகத்தை மூடிக்கொண்டாள். தாய் அடிக்கிறாள் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

தாயும் அதற்கேற்ற ஆளாகத்தான் தெரிந்தாள். புருஷன் கட்டார் நாட்டில் வேலை. எந்நேரமும் கேற்றில் பூட்டு. யாரோடும் கதை பேச்சு இல்லை. பிள்ளையின் கைகால்களில் காயம் தேடினேன், ஒன்றுமில்லை. கெட்டிக்காரி, தெரியாத இடத்தில் அடிக்கிறாள் போல என்று நினைத்தேன். சிறுவர் நன்னடத்தை அலுவலகத்துக்கு முறைப்பாடும் எழுதிவிட்டேன். கொடுத்தால் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தாலும் பிரிப்பார்கள். அதற்குமுன் தாயின் வாயைக் கிளறிப் பார்ப்போமென்று கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

உள்ளே பிள்ளை போனில் தகப்பனோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ஓடிப்போய்த் தாயைக் கட்டிக்கொண்டாள். அடிக்கிற தாயை எந்தப் பிள்ளை அப்படிக் கட்டிப்பிடிக்கும்?

"அடிக்கிறனோ எண்டு பாக்கத்தானே வந்தனீங்கள்?" என்று தாயே கேட்டாள்; நான் காயம் தேடியதைக் கண்டிருக்கிறாள் போல.

"அவளுக்கு ஆக்களைப் பழக்கமில்லை, ரீச்சர். பிறந்ததிலையிருந்து நானும், போனுக்குள்ளை தகப்பனும்தான். நான் கொழும்பிலையிருந்து பிள்ளைத்தாச்சியா வந்த கிழமையே நீங்கள் வேலிப் பொட்டை அடைச்சுப்போட்டியள். பிறகு ஆரின்ரை வீட்டுக்கு நான் இவளைக் கொண்டுபோறது?"

உண்மைதான். இரண்டு வளவுக்கும் நடுவே ஆட்கள் போய்வர வேலியில் விட்டிருந்த சின்ன வழிதான் அந்தப் பொட்டு. கொரோனாப் பயத்தில் நான்தான் தகரம் வைத்து ஆணி அடிப்பித்தேன். கொரோனா போனது, தகரம் போகவில்லை. பச்சைப்பிள்ளை அழுகிற சத்தம் கேட்டும் ஒருநாள்கூட நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தாய்க்கு முன்னால் நிற்கவே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கடிதத்தைக் கிழித்தேன். அடுத்தநாள் காலையிலேயே கணவரைக்கொண்டு தகரத்தைக் கழற்றுவித்தேன். பல கிழமைகள் பிள்ளை பொட்டடியில் நின்று பார்ப்பாள், வரமாட்டாள். ஆனி மாதம் ஒருநாள் உள்ளே வந்து, நான் நீட்டிய பலாச்சுளையை என் கையிலிருந்தே வாங்கினாள். சனக் கூட்டத்தைக் கண்டால் இன்றும் என் சேலைக்குப் பின்னால்தான் ஒளிப்பாள்.

அவள் ஒடுங்கிப்போனது யாராலென்று துப்புத் துலக்கிய எனக்கு, வேலியில் இருந்த என் ஆணிகள் மட்டும் கண்ணில் படாமல் போனதை நினைத்தால் இன்றைக்கும் மனம் சுடுகிறது.