கையோடு வந்த கனகாம்பரம்

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனங்கள் இருந்த வீட்டில் நாங்களும் ஒரு குடித்தனம். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் குழந்தை இல்லை. அந்த நேரம் பார்த்து என் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை நரம்பில் ஊசி. இனிமேல் குழந்தை பிறப்பது சந்தேகம்தான் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த நோய் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நம்பிய காலம். வெளியே தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள். அதனால் நானும் கணவரும் வாயே திறக்கவில்லை.

ஊசி போட்டு வந்தால் நாலு நாள் வாந்தி. தண்ணீர்கூடத் தங்காது. எதிர்க் குடித்தனத்து அக்கா மீன் விற்பவர். அவர் கூடையை இறக்கினாலே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். மீன் இல்லாமல் சோறு இறங்காதவள் இப்படி ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மசக்கை என்றுதான் நினைத்தார்கள்.

"இன்னாமே, முழுகாம கீறியா? என்னாண்டயே மறைக்கிறியே!" என்று அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். நான் சிரித்து மழுப்பினேன். மறுநாளே உப்பு நார்த்தங்காயும் மாங்காய் வற்றலும் வந்து இறங்கின. பாவி நான், மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நார்த்தங்காயை நாக்கில் வைத்தால்தான் எனக்குக் கஞ்சியே உள்ளே நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வியாபாரம் முடித்த கையோடு அக்கா கனகாம்பரச் சரத்துடன் வந்தார். "புள்ளத்தாச்சி, தலைய இப்டி வெறிச்சினு வெச்சினுகீறியே" என்று திட்டிக்கொண்டே என்னை வாசற்படியில் உட்காரவைத்து, பின்னலில் பூவைச் செருகி இழுத்துக் கட்டினார். பூ அவர் கையோடு வந்தது. கூடவே என் பின்னலில் பாதியும் வந்தது.

வலிக்கவே இல்லை. அதுதான் பயங்கரம். முடி கொட்டும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. தலையில் கை வைத்த இடமெல்லாம் கொத்துக் கொத்தாக வந்தது. "இன்னாமே இது?" என்றார் அக்கா, பேயறைந்த மாதிரி.

"புள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. புத்துநோய்" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சட்டென்று எழுந்தார். விறுவிறுவென்று குழாயடிக்குப் போய், சீயக்காய்த் தூளைக் கொட்டிக்கொண்டு, முழங்கை வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நேற்று வரை ஊட்டிவிடாத குறையாக இருந்தவரா இப்படி? "நல்லா தேய்ச்சு கழுவுக்கா, ஒட்டிக்கப் போவுது!" என்று கத்தினேன்.

ஈரக் கையோடு திரும்பி வந்து என் எதிரில் குந்தினார்.

"இன்னா ஒட்டும்? மீன் கவுச்சிமே. அதானே உன்னிய கொமட்டுது?"

அந்தக் கையால் என் தலையைத் தடவி, தன் முந்தானையால் மூடினார். நான் கத்தியதைக் கேட்டு ஓடிவந்த பெண்களை ஒரு அதட்டு அதட்டினார். "அல்சருமே அதுக்கு. வேளாங்கண்ணிக்கு மொட்டை நேந்துகினுகீது. போய் வேலையப் பாருங்கடி." மாதா கோயில் வாசலைக்கூட மிதிக்காதவர், என் மாதாவின் பெயரில் கூசாமல் பொய் சொன்னார். வந்தவர்கள் கலைந்து போனார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் கூடையைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டுதான் நார்த்தங்காயுடன் உள்ளே வருவார். ஊசியெல்லாம் முடிந்து நான் பிழைத்துக்கொண்டேன். குழாயடியைப் பார்த்து நான் கத்திய வார்த்தையை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. யாராவது என் எதிரில் சோப்புப் போட்டுக் கை கழுவினால் எனக்குத்தான் இன்றும் முகம் சுடுகிறது.