பதில் சொல்லாத கணினி

சோதிலிங்கத்தாரைப் போல ஒரு பயந்த மனிதரை நான் கண்டதில்லை. இதை அவர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். கண்டி நகரில் எங்கள் லீசிங் கம்பனியின் கணினி அறையில் அவர் தனியாள். எனக்குப் பக்கத்து அறையில் கடன் பிரிவு. சிநேகம் வந்தது அந்த அறையின் ஏசியால்தான். பகல் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

அவருடைய வேலை பார்த்துக்கொண்டிருப்பது. கேலியாகச் சொல்லவில்லை, வேலையே அதுதான். கம்பளை, பிலிமத்தலாவை, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று எல்லாக் கிளைகளின் இணைப்பும் அவர் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒழுங்காக ஓடினால் பச்சை, இழுபட்டால் மஞ்சள், அறுந்தால் சிவப்பு. எந்த சர்வரில் இடம் குறைகிறது, எந்த லைன் வழக்கத்தைவிட மெதுவாகிறது என்று பார்த்து, அது விழுவதற்கு முன்பே ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்காத நாள்தான் அவருக்கு நல்ல நாள். ஒன்றும் நடக்காததற்காக யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. மனேஜருக்குச் சில வேளை அவர் பெயரே மறந்துவிடும்.

2006 ஆவணியில் யுத்தம் திரும்பவும் மூண்டு, யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டினார்கள். போனும் கிடைக்காமல் போயிற்று. கடிதம் கப்பலில் போய்ச் சேர மாதக்கணக்கானது. அவருடைய மனைவி மங்களேஸ்வரி அக்கா அங்கே எங்கள் கிளையிலேயே காசாளர். படுத்த படுக்கையாகிவிட்ட தகப்பனை விட்டு வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளைகள் இல்லை. சோதிலிங்கத்தார் குண்டசாலையில் ஒரு சிங்கள வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தார். வேலை முடிந்தால் பஸ், பஸ் முடிந்தால் அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று ஒருதரம் கேட்டேன்.

"உடுப்புத் தோய்ப்பன்," என்றார்.

"பிறகு?"

"காயுமட்டும் பாத்துக்கொண்டிருப்பன்."

இந்த மனிதர் வீட்டிலும் அதே வேலையைத்தான் செய்கிறார் என்று சிரித்தேன். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

யாழ்ப்பாணக் கிளையின் கூரையில் ஒரு டிஷ் இருந்தது. கணக்கு வழக்குகள் செய்மதி வழியாக வந்து போகப் பாதுகாப்பு அமைச்சிடம் கெஞ்சி வாங்கிய அனுமதி. தனிப்பட்ட ஒரு சொல் அதில் போனாலும் அனுமதியும் போய்விடும், அனுப்பியவரின் வேலையும் போய்விடும் என்று தலைமையகம் சொல்லியிருந்தது. ஆகவே மனைவியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பச்சைப் புள்ளி மட்டும். காலையில் அது எரியும்வரை தேத்தண்ணி குடிக்கமாட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன், ஒரு வரி எழுதி அனுப்புங்களே. சொகமாண்டு கேட்டா யாரு கண்டுபுடிக்கப் போறது?"

"கண்டுபிடிக்கிறதுக்குத்தானே, நளீர், என்னை வச்சிருக்கினம்," என்றார்.

சில நாள் அவரோடு அதே பஸ்ஸில் போயிருக்கிறேன். சோதனைச்சாவடியில் என் அடையாள அட்டையை ஒருதரம் பார்ப்பார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கும் அவருடையதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இறக்கி நிறுத்தி, பஸ்ஸையும் அனுப்பிவிடுவார்கள். அடுத்த பஸ்ஸில் வந்து, பிந்தியதற்கு மனேஜரிடம் மன்னிப்பும் கேட்பார்.

அடுத்த வருடம் தலைமையகத்திலிருந்து இன்னொரு கட்டளை வந்தது. கம்பனி வேலைக்குச் சம்பந்தமில்லாத எதுவும் செய்மதி இணைப்பில் ஓடக்கூடாது, கண்டால் உடனே நிறுத்த வேண்டும். சோதிலிங்கத்தார் பதிவுகளைத் தோண்டினார். யாழ்ப்பாணக் கிளையிலிருந்து தினமும் மத்தியானம் ஏதோ ஒன்று வந்து, அவருடைய சொந்தக் கணினியைத் தட்டிவிட்டுப் போயிருந்தது. அதைப் பிங் என்பார்கள். ஒரு கணினி இன்னொன்றிடம் 'இருக்கிறாயா?' என்று கேட்கும். மற்றது ஓடிக்கொண்டிருந்தால் 'இருக்கிறேன்' என்று நாலு வரியில் பதில் போகும். நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை, கணினி தானாகவே சொல்லிவிடும். கிளையிலிருந்து வருகிறது என்று தெரிந்ததே தவிர, எந்த மேசையிலிருந்து என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் குளிரிலும் மனிதருக்கு வேர்த்துவிட்டது. யாரோ வெளியாள் கிளைக்குள் புகுந்து நோட்டம் பார்க்கிறான் என்று நினைத்தார். விசாரணை என்று வந்தால் முதலில் யாரைப் பிடிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கே அந்த வழியை அடைத்தார்.

"பூட்டியாச்சு," என்று சொல்லி, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டார். என் மனைவி ருக்கியா கொடுத்தனுப்பிய கத்தரிக்காயை இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகும் பச்சைப் புள்ளி எப்போதும் போல எரிந்தது. கிளை ஓடினால் மங்களேஸ்வரி அக்காவும் அங்கே இருப்பார் என்பது அவருடைய நம்பிக்கை. இப்படிச் சில மாதங்கள் போயின.

ஒரு நாள் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணினி அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கையில் பயணப் பை. சோதிலிங்கத்தாரின் மேசையில் இருந்த படத்தைவிட மிகவும் மெலிந்திருந்தார், ஆனாலும் யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சோதிலிங்கத்தார் எழும்பவில்லை. வாயில் சோற்றோடு அப்படியே இருந்தார்.

"இருக்கிறீங்கள்," என்றார் மங்களேஸ்வரி அக்கா. "நீங்கள் இருக்கிறீங்கள்."

"நீர் எப்பிடி..."

"ஆமியிட்டை மாசக்கணக்காக் காத்திருந்து பாஸ் எடுத்துக் கப்பலில திருகோணமலைக்கு வந்தனான். அங்கையிருந்து பஸ்." கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் காட்டித் தந்த மாதிரி ஒவ்வொரு நாளும் மத்தியானம் கேட்டுப் பாப்பன். நாலு வரி வரும். வேலைக்கு வந்திட்டீங்கள், ஒருத்தரும் பிடிச்சுக்கொண்டு போகேல்லை எண்டு தெரிஞ்ச பிறகுதான் சாப்பிடுவன். திடீரெண்டு நிண்டு போச்சு. நான் வேறை என்னத்தை நினைக்கிறது?"

அப்போதுதான் சோதிலிங்கத்தாருக்கு ஞாபகம் வந்தது. சமாதான காலத்தில் அந்தக் கிளையைத் திறக்கப் போனபோது, விளையாட்டாக அவரேதான் மனைவிக்கு அதைச் செய்யக் காட்டியிருந்தார். தன் கணினியை வேறு யாரும் தொடுவதில்லை, அது பதில் சொன்னால் தான் வேலைக்கு வந்திருப்பதாக அர்த்தம் என்றும் சொல்லியிருக்கிறார். சொன்னவர் மறந்துவிட்டார். காலை முழுக்க ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்திருந்தவருக்கு, தன்னையும் ஒருவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றவேயில்லை. எனக்குக் கோபம் வந்தது. அவரை அப்படிப் பயப்பட வைத்தவர்கள் மேல் என்று சொல்ல ஆசை. அவர் மேலும்தான்.

"நான்தான் பூட்டினன்," என்றார் சோதிலிங்கத்தார்.

மங்களேஸ்வரி அக்கா பயணப் பையைக் கீழே வைத்தார். ஏசவில்லை. "அப்பாவைப் பக்கத்து வீட்டு லீலாதேவி அக்காட்டை விட்டிட்டு வந்தனான். ஒரு கிழமையில திரும்பிப் போகவேணும்," என்று மட்டும் சொன்னார்.

போக முடியவில்லை. வருவதற்கு எடுத்த பாஸ் போவதற்குச் செல்லாது. புதிதாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள். கப்பல் ஓடும் என்பார்கள், பிறகு ஓடாது என்பார்கள். மார்கழியில் தகப்பன் இறந்துபோனார். செய்தி குண்டசாலைக்கு வந்து சேர்ந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது.

நானும் ருக்கியாவும் துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார், சோதிலிங்கத்தார் கதவடியில் நின்றார். ஒரே அறைதான். ஆனால் பாதை பூட்டியிருந்தபோதுகூட அவர்கள் அவ்வளவு தூரத்தில் இருக்கவில்லை.

கணினியில் போட்ட அந்த அடைப்பைச் சோதிலிங்கத்தார் திறந்து விட்டிருந்தார். இனி அந்த வழியால் தட்ட அங்கே யாருமில்லை. இப்போது தினமும் மத்தியானம் சாப்பாட்டைப் பிரிக்குமுன் வீட்டுக்காரரின் போனுக்கு எடுப்பார். அவர்கள் அக்காவைக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

"இருக்கிறீரோ?" என்று கேட்பார். கொஞ்சம் பொறுத்துப் போனை வைப்பார்.

ஒரு நாள் கேட்டுவிட்டேன். "என்ன அண்ணன், வேற ஒண்டும் பேசமாட்டீங்களா?"

"நான் எது கேட்டாலும் 'ஓம்' எண்டு மட்டும்தான் சொல்லுவா," என்றார். "பதில் வருதுதானே."

பிறகு பார்சலைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார்.