நோம்பியில் தீர்ந்த பொடி

காலை பத்து மணி நாற்பது நிமிடம். மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் என் மகள் பால்குடம் எடுத்து வருவதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தோடு நேரமும் பதிந்துபோய்விட்டது. மஞ்சள் பாவாடையில் வருகிறாள். உதடு வெளுத்திருக்கிறது. குடம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய, பால் அவள் காதோரம் வழிகிறது. அதற்குப் பிறகு படத்தில் தரை மட்டும்தான். மேளம் நிற்காமல் கேட்கிறது. அதை என்னால் பார்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை.

"ஆத்தா வந்துருக்கறா! தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். பூசாரி வந்து அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். நான் கையைப் பிடித்தேன். சாமி வந்தவர்களின் கையைச் சின்ன வயதிலிருந்து பிடித்திருக்கிறேன். முறுக்கேறிச் சூடாக இருக்கும். இவள் கை நனைந்த துணியைப்போலத் தொங்கியது.

"ஆத்தா இல்லீங்க, புள்ளைக்கு என்னமோ ஆவுது" என்று நான் சொன்னது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நான் கொல்லிமலையில் பிறந்து, கீழே போய்ப் படித்து, மலையிலேயே அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை ஆனவள். கணவருக்கு மிளகும் மரவள்ளியும் விவசாயம். ஒரே மகள். பதின்மூன்று வயது. சிறு வயதிலிருந்தே அவளுக்கு வீசிங். பனி இறங்கும் மாதங்களில் அவள் நெஞ்சு பூனைபோலக் கத்தும். மருத்துவர் மூச்சில் இழுக்கும் பம்பு எழுதிக் கொடுத்தார். அது நன்றாகத்தான் கேட்டது. ஆனால் பக்கத்து வீட்டு அக்கா விடமாட்டார். "பொம்பளப் புள்ளைக்கு இப்பவே பம்பு புடிச்சுப் பழக்குனா நாளைக்கு எவன் கட்டுவான் டீச்சரு?" அடிவாரத்துக்கு அப்பால் ஒரு வைத்தியர் இருப்பதைச் சொன்னதும் அவர்தான். சுக்கும் திப்பிலியும் மணக்கும் பொடி. ஒரு வேளைக்கு ஒரு பொட்டணம். தேனில் குழைத்துக் கொடுக்கவேண்டும். வேர், இலை தவிர எதுவும் இல்லை என்றார் வைத்தியர். நாமும் அதைத்தானே கேட்க விரும்புகிறோம்.

மூன்றாம் நாள் மூச்சு சீரானது. அந்த வருடப் பனியில் அவளுக்கு ஒரு முறைகூட மூச்சு இளைக்கவில்லை. பசி எடுத்தது. கன்னம் உப்பியது. எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளை பொம்மைபோல ஆனாள்.

"டீச்சரு ஊட்டு அரிசி வேற அரிசியாட்ட இருக்குது. என்ற பையனையும் ரெண்டு மாசம் உங்க ஊட்டுல கட்டிப் போடறனுங்க, இப்பிடியே ஊதி உடுங்க" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பார். நானும் சிரிப்பேன். பெருமையாக இருந்தது. மகளின் பள்ளிச் சீருடைப் பாவாடையில் இடுப்பை மறுபடி மறுபடி பிரித்துத் தைத்தேன். நீளத்தை ஒரு முறைகூட இறக்கவில்லை. வளரும் பிள்ளை ஒரு வருடமாக ஏன் வளரவில்லை என்ற கேள்வி ஊசியைக் கையில் வைத்திருந்த எனக்கு வரவில்லை.

சித்திரையில் நோம்பி சாட்டி அறிவித்தார்கள். எங்கள் ஊரில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால், கம்பத்தைப் பிடுங்கும்வரை காப்புக் கட்டியவர்கள் எல்லையைத் தாண்டக் கூடாது. மகளின் மூச்சு சரியானதற்காகப் பால்குடம் வேண்டிக்கொண்டிருந்ததால் நாங்கள் மூவருமே கட்டியிருந்தோம். பொடி இடையிலேயே தீர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். மூலிகைதானே, நோம்பி முடிந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். வீசிங்கும் வரவில்லை. ஆனால் பொடி தீர்ந்த இரண்டாம் நாளே கால் வலிக்கிறது என்றாள். அடுத்த நாள் சோறு வேண்டாம் என்றாள். விரதச் சோர்வு என்று நினைத்தேன். பால்குடத்தன்று காலையில் வாந்தி எடுத்தாள். வெறும் வயிறு, பித்தம் என்றேன். இப்போது நினைத்தால், அவள் உடம்பு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வர, நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

அன்று மலையிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மிகவும் இறங்கிவிட்டன, உடனே கீழே கொண்டுபோங்கள் என்றார்கள். டிரிப் பாட்டிலோடு ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஏறும்போது பக்கத்து வீட்டு அக்கா என் கணவரிடம், "காப்பை அவுத்து வெச்சுட்டாவது போங்க தம்பி" என்றார். அவர் திரும்பியே பார்க்கவில்லை. பூசாரி சற்றுத் தள்ளி நின்றார். தடுக்கவில்லை. போய் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைப்பாதையின் எழுபது வளைவுகளிலும் அவள் தலை என் மடியில் உருண்டது. ஒவ்வொரு வளைவிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முதலில் "ம்" என்றாள். அடிவாரம் வருவதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

நாமக்கல் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் அவள் துணியை விலக்கி வயிற்றைப் பார்த்தார். சிவந்த கோடுகள், தோல் கிழிந்து ஆறியதுபோல. அவள் தானே குளிக்கத் தொடங்கிய பிறகு நான் அவள் வயிற்றைப் பார்த்ததில்லை. பிடரியில் சதை திரண்டிருப்பதைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், "என்ன மருந்து சாப்பிடுறா?" என்றார்.

"ஒண்ணுமே இல்லீங்க. இங்கிலீஷ் மருந்தே குடுக்கறதில்ல. நாட்டு மருந்துதான். இப்ப அதுவும் நிறுத்தியாச்சு."

அவர் கை அப்படியே நின்றது. "எப்ப நிறுத்துனீங்க?"

சொன்னேன். அவர் உடனே செவிலியரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொன்னார். மாலையில்தான் வந்து விளக்கினார். "அந்தப் பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கணும். வெளியிலிருந்து தினமும் வந்துக்கிட்டே இருந்தா, உடம்புல அதைச் சுரக்கிற சுரப்பி வேலையை விட்டுட்டுத் தூங்கிடும். நீங்க திடீர்னு நிறுத்தினதும் வெளியிலயும் இல்ல, உள்ளயும் இல்ல. இதுல உயிர் போயிருக்கும்மா."

பத்தாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்ததுபோல அட்ரீனல் சுரப்பியைக் கரும்பலகையில் வரைவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்த வருடம் சிறுநீரகத்தை மட்டும் வரைந்துவிட்டு நின்றேன். தொப்பியை ஒரு மாணவியைக் கூப்பிட்டு வரையச் சொன்னேன்.

மகள் இப்போது மாத்திரையில் இருக்கிறாள். மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். அவ்வப்போது காலையில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சுரப்பி இன்னும் முழுதாக விழிக்கவில்லை. காய்ச்சல் வந்தால் மாத்திரையைக் கூட்டவேண்டும், வாந்தி எடுத்தால் ஊசிக்கு ஓடவேண்டும். அவள் தும்மினாலே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். கன்னம் வற்றிக்கொண்டு வருகிறது. பழைய முகம் திரும்புகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டுச் சுவரில் அந்த வருடத்துப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. நான் கொஞ்சிக் கொஞ்சி முத்தமிட்ட கன்னம் அது. அந்தப் படத்தின் பக்கம் அவள் திரும்புவதில்லை. "அது நானில்லம்மா" என்றாள் ஒரு நாள், சாதாரணமாக, தட்டைக் கழுவிக்கொண்டே.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மருத்துவமனையில் இரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டு ரத்த அழுத்தம் மறுபடி இறங்கியது. அடுத்த ஒரு நாளைத் தாண்டவேண்டும் என்றார் மருத்துவர். அந்தப் பொடியில் ஒரு சிட்டிகையாவது கிடைத்தால் தன் சந்தேகம் உறுதியாகும் என்றும் சொன்னார். எங்களிடம் பொட்டணம் கட்டிய வெறும் காகிதம்கூட இல்லை. கணவர் வைத்தியர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். பூட்டிக் கிடந்தது. அந்தப் பொடி யாரிடமாவது இருக்குமா என்று ஊருக்குப் போன் போட்டுக் கேட்டார்.

அன்று பிற்பகல் வார்டு வாசலில் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பூசாரி. மணிக்கட்டில் காப்பு அப்படியே இருந்தது. ஊரில் கம்பம் இன்னும் பிடுங்கவில்லை. என் கணவர் பதறி எழுந்தார். "மாமா, நீங்களே எல்லையைத் தாண்டி வந்துட்டீங்களே!"

அவர் தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். வட்டமாக, மினுமினுப்பாக, என் மகளின் முகம்போலவே இருந்தது. வேட்டி மடியை அவிழ்த்துக் காகிதப் பொட்டணங்களை என் முன்னால் வைத்தார். சுக்கும் திப்பிலியும் மணந்தன.

"நானும் இதைத்தானுங்க டீச்சரு திங்கறன், முட்டி வலிக்கு. போன வருசம் ரெண்டு நாளு தீந்துபோயி எந்திரிக்கவே முடியில. அதனால இந்த நோம்பியில காப்புக் கட்டாத குண்டனி நாட்டுப் பால் வண்டிக்காரங்கிட்டச் சொல்லி, ஒருத்தருக்கும் தெரியாம வரவெச்சுக்கிட்டன்."

மூச்சு வாங்கினார். மகள் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தார்.

"பால்குடத்துக்கு மொத நாளு பாப்பா எங்கிட்ட வந்துச்சுங்க. பொடி தீந்துருச்சு, ஒடம்பு என்னமோ பண்ணுது, அப்பா மட்டும் கீழ போய் வாங்கிட்டு வரலாமான்னு கேட்டுச்சு. நோம்பி முடியட்டும் சாமின்னு சொல்லி அனுப்பிட்டன். அப்பவும் இது என்ற மடியிலதானுங்க இருந்துச்சு."