அம்மாவை மாலை நேர நீர்ப்பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாமா?

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்தில் மன்னார்ப் பேருந்தில் ஏறினேன். தூரம் ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து கிலோமீற்றர். கட்டணம் நூற்றுத் தொண்ணூறு ரூபா. பயணத்தின் நோக்கம் ஒன்றே. மன்னார்த் தீவில் புதிதாகத் திறந்திருக்கும் நீர்ப்பூங்கா ஒன்றில், பகல் கூட்டம் வெளியேறிய பின்னர், ஆறரை மணி முதல் ஒன்பது மணி வரை குடும்பங்களுக்கென்றே ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. அது எங்கள் குடும்பத்துக்கு ஏற்றதா, இல்லையா என்பதை நேரில் கண்டு தீர்மானிக்க வேண்டும்.

எங்கள் குடும்பம் என்று நான் சொல்வது ஐந்து பேரை. யாழ்ப்பாணத்தில் அம்மாவும் நானும்; நோர்வேயில் அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும். போர் முடிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அக்கா போய்விட்டார். இந்த ஆவணியில் ஒன்பது நாள் விடுமுறையில் வருகிறார். பிள்ளைகள் அம்மம்மாவைத் தொலைபேசித் திரையில் மட்டுமே கண்டவர்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: தண்ணீரில் விளையாட வேண்டும், அம்மம்மாவும் கூட நிற்க வேண்டும். மாலை நிகழ்ச்சியை இணையத்தில் கண்டுபிடித்தவர் அக்கா. "கூட்டம் இராது, அம்மாவுக்கும் கூச்சம் இராது. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இடம் பதியவேணும். நீ ஒருக்கா நேரில போய்ப் பார்" என்றார். அம்மா என்னைக் காட்டி, "இவன் சொன்னாச் சரி" என்று முடித்துவிட்டார்.

அந்தப் பொறுப்பை நான் பெருமையோடுதான் ஏற்றேன். பல்கலைக்கழக விவாத அணியின் தலைவன் நான். எந்தத் தலைப்பைத் தந்தாலும், எந்தப் பக்கத்தைத் தந்தாலும், ஏழு நிமிடம் தடுமாறாமல் பேசுவேன். ஆனால் இந்தத் தலைப்பில் ஒரு சிக்கல் இருந்தது. போர் முடிந்ததும் எங்கள் இருவரையும் அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்த நாள்முதல் அம்மா கூட்டம் கூடும் எந்த இடத்துக்கும் போவதில்லை. தேர்த் திருவிழாவுக்குக்கூடப் போவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. முகாமில் இருந்த பதினொரு மாதங்களைப் பற்றி எங்கள் வீட்டில் இதுவரை ஒரு வாக்கியம்கூடப் பேசப்படவில்லை.

சங்குப்பிட்டிப் பாலத்தை ஏழு மணிக்குக் கடந்தோம். பூநகரிக்குத் தெற்கே வீதி இன்னும் செப்பனிடப்பட்டுக்கொண்டிருந்தது. செம்புழுதி யன்னல் வழியாக வந்து மடியில் படிந்தது. இருபுறமும் புதிய தகரக் கூரைகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஆட்கள் சீமெந்துப் பைகளோடும் வலைக் கட்டுகளோடும் இறங்கினார்கள். அடம்பனுக்குத் திரும்பும் சந்தியில் நடத்துநர் மணியடித்து, "அடம்பன் ஆக்கள் இருக்கோ?" என்று கேட்டார். போருக்கு முன் எங்கள் வயல் அங்கேதான் இருந்தது. நான் இறங்கவில்லை. அவர் மீண்டும் மணியடித்தார்.

ஒன்பதே முக்காலுக்கு மன்னார் நகரம். பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். ஓர் இரவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபா. கட்டிலும் கதிரையும் மின்விசிறியும் இருந்தன. மதியம் மீன்குழம்புச் சோறு நூற்றெண்பது ரூபா. நான்கு பேருக்கான மேசையில் நான் தனியே அமர்ந்திருந்தேன். பரிமாறியவர் மற்ற மூன்று தட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். பிற்பகல் முழுவதும் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசியது. வீதியின் நடுவில் மூன்று கழுதைகள் நின்றன. வாகனங்கள்தாம் விலகிப் போயின.

மாலை ஐந்தே முக்காலுக்கு ஓட்டோ பிடித்தேன். தலைமன்னார் வீதியில், தோட்டவெளிக்குக் கிட்ட, சுமார் ஐந்து கிலோமீற்றர், முந்நூறு ரூபா.

"குளிக்கவோ தம்பி?" என்று கேட்டார் சாரதி.

"இல்லை அண்ணை, பாக்க."

"பாக்கிறதெண்டால் கடலைப் பாக்கலாமே. அதுக்குச் சீட்டு இல்லை."

நீர்ப்பூங்காவின் வாசலில் ஏழெட்டுக் குடும்பங்கள் காத்திருந்தன. பகல் கூட்டம் ஈரத் துவாய்களோடு ஒரு வழியால் வெளியேற, மாலைக் கூட்டம் மறுவழியால் உள்ளே போகும் ஏற்பாடு. ஐந்து பேர் வரை ஒரு குடும்பத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா. ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நிறப் பட்டி கட்டினார்கள். என் முறை வந்தபோது சீட்டு எழுதுபவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"மற்ற ஆக்கள் எங்க?"

"நான் மட்டும்தான்."

"தனி ஆம்பிளையள் பின்னேரத்தில வர ஏலாது தம்பி. குடும்பத்துக்கு மட்டும்."

நான் மூன்று காரணங்களை முன்வைத்தேன். ஒன்று, முழுக் கட்டணத்தையும் செலுத்த ஆயத்தமாக இருக்கிறேன். இரண்டு, வரப்போகும் ஒரு குடும்பத்தின் பிரதிநிதியாகவே நிற்கிறேன். மூன்று, முன்கூட்டிப் பார்க்காமல் ஒரு தாயை அழைத்து வரும்படி எந்தப் பிள்ளையிடமும் கேட்பது நியாயமாகாது. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்கள் சொல்லுறது எல்லாம் சரி தம்பி. குடும்பத்தோட வாங்கோ."

எனக்குப் பின்னால் மூன்று பெண்பிள்ளைகளோடு நின்ற ஒரு பெண் குரல் கொடுத்தார். "தம்பி, பேசி முடிச்சிட்டீங்களோ? பிள்ளையள் நிண்டு காயுதுகள்." பிறகு சீட்டு எழுதுபவரைப் பார்த்து, "எங்களில நாலு பேர்தான். இவரையும் எங்கட சீட்டில போடுங்கோ. என்ர தம்பி" என்றார்.

"இப்பதான் தம்பியோ?"

"ஓம், இப்பதான் பிறந்தவர். எழுதுங்கோ."

அவருடைய பெயர் ஜெசிந்தா. பெருநிலக் கரையிலுள்ள விடத்தல்தீவிலிருந்து வந்திருந்தார், முகாமிலிருந்து ஊர் திரும்பி மூன்று ஆண்டுகள். கணவர் கடற்றொழிலாளி. "கூப்பிட்டனான். கடல்ல கிடக்கிற மனுசன் காசு குடுத்துத் தண்ணீல இறங்குறதோ எண்டு கேட்டிட்டுப் படுத்திட்டார்" என்றார். என் பங்குக் காசை அவர் வாங்க மறுத்தார்; பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தர மட்டும் அனுமதித்தார். மஞ்சள் பட்டியைக் கட்டிக்கொண்டு அந்தக் குடும்பத்தின் ஐந்தாவது ஆளாக உள்ளே போனேன்.

இங்கே வர நினைக்கும் வாசகர்களுக்காக இவற்றைக் குறித்துக்கொண்டேன். பெரிய தடாகத்தின் ஆழம் நெஞ்சளவு. அதில் இயந்திரம் அலை எழுப்புகிறது. சிறுவர் தடாகம் முழங்காலளவு. இரண்டு சறுக்குகள், நான்கு காவலர்கள். பெண்களின் உடைமாற்றும் அறைகளுக்குக் கதவும் உட்தாழ்ப்பாளும் உண்டு என்று ஜெசிந்தா அக்காவின் மூத்த மகள் சென்று பார்த்து வந்து சொன்னாள். தண்ணீர் சுத்தம். வாடகை நைலோன் சட்டை நூறு ரூபா. விரும்பினால் வீட்டு உடுப்போடும் இறங்கலாம். இந்தக் கரையின் பெண்கள் கடலைப் பார்த்தே வளர்ந்தாலும் அதில் இறங்கிக் குளிப்பவர்கள் மிகச் சிலர். அன்று அவர்கள் முழு உடையோடு, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி இறங்கினார்கள். முதல் அலை வந்து மோதியதும் ஜெசிந்தா அக்கா தம்மை மறந்து கத்தினார்.

"கடற்கரையில பிறந்தவள் நான். இடுப்பளவு தண்ணீல இண்டைக்குத்தான் நிக்கிறன்!"

நானும் இறங்கினேன். சுற்றிலும் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட அங்கே யாருமில்லை. ஆயினும் என் மனத்தில் தீர்ப்பு ஏறக்குறைய எழுதப்பட்டுவிட்டது: ஏற்றது, ஐயமின்றி ஏற்றது.

ஏழரை மணிக்கு அலை நின்றது. கம்பங்களின் உச்சியில் பெரிய வெளிச்சங்கள் ஒரேயடியாக எரிந்தன. ஒலிபெருக்கி கரகரத்தது. "மஞ்சள் பட்டி கட்டிய குடும்பங்கள் அனைவரும் உடனடியாக வெளியே வரவும். குடும்பமாக வரவும்."

பெரிய தடாகத்தில் இருப்பவர்கள் சறுக்குப் பக்கம் மாற வேண்டும், சறுக்கில் இருப்பவர்கள் இங்கே வர வேண்டும் என்பதே அதன் பொருள். அதை நான் பின்னர்தான் அறிந்தேன். அந்தக் கணத்தில் என்ன நடந்தது என்பதை உள்ளபடி எழுதுகிறேன். நான் தண்ணீரிலிருந்து ஏறினேன். பையை எடுத்தேன். வாசலை நோக்கி நடந்தேன். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நின்றார்கள். மூன்றாவதாகப் போய் நின்றேன். எனக்குப் பின்னால் மூன்று பிள்ளைகளையும் மணிக்கட்டில் பற்றியபடி ஜெசிந்தா அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் மேலும் பலர். மஞ்சள் பட்டி மட்டுமல்ல, நீலமும் சிவப்பும். குடும்பங்கள் ஒன்றோடொன்று கலக்கவில்லை. சிறுவர்கள் நடுவில், பெரியவர்கள் முன்னும் பின்னும். ஒருவரும் தள்ளவில்லை. உடைகளிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது.

தடாகத்தில் சிலர் அசையாமல் நின்று எங்களைப் பார்த்தார்கள். அவர்கள் மன்னார்த் தீவார். முகாமின் ஒலிபெருக்கியைக் கேட்டறியாதவர்கள். வரிசையில் நின்ற நாங்கள் பெருநிலத்தார். ஒரே தண்ணீரில் அதுவரை யார் எவர் என்று தெரியாமல் கலந்து நின்ற கூட்டம், ஓர் அறிவிப்பில் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

தண்ணீரில் நின்ற தோட்டவெளிக்காரர் ஒருவர் உரக்கக் கேட்டார்: "ஏன் எல்லாரும் ஓடுறியள்? பாம்போ?"

காவலர் இளைஞன் ஓடி வந்தான். "அக்கா, அண்ணை, ஒண்டுமில்லை! சறுக்குக்கு மாறத்தான் சொன்னது. ஏன் வாசலுக்கு வந்தனீங்கள்?"

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பிறகு ஜெசிந்தா அக்காதான் என் கையைப் பார்த்தார். நீர் சொட்டும் என் விரல்களுக்கிடையில் தேசிய அடையாள அட்டை இருந்தது. அதைப் பையிலிருந்து எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

"அட்டையை உள்ள வையுங்கோ தம்பி" என்றார். "இஞ்ச சோறு தர மாட்டினம்."

முதலில் அவர் சிரித்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் சிரித்தார். சிரிப்பு வரிசையின் கடைசிவரை போனது. வரிசை கலைந்து, எல்லோரும் மீண்டும் தண்ணீருக்குப் போனார்கள். நான் போகவில்லை. தடாகத்தின் ஓரத்தில் இருந்த கதிரையில் அமர்ந்தேன். அட்டையைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். அம்மாவுக்கு ஏற்றதா என்று ஆராய வந்தவன் நான். எனக்கு ஏற்றதா என்ற கேள்வி எனக்கு எழுந்ததே இல்லை.

ஜெசிந்தா அக்கா தலையைத் துவட்டியபடி அருகில் வந்தமர்ந்தார். அம்மாவைப் பற்றியும் என் அக்காவின் பிள்ளைகளைப் பற்றியும் அவரிடம் சொன்னேன்.

"அப்ப கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றார்.

"இந்த லவுட்ஸ்பீக்கரைக் கேட்டால் அம்மா என்ன செய்வா?"

"நாங்கள் செய்ததைத்தான் செய்வா. முந்தியே சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தால் அரைவாசிப் பயம் போயிடும்."

"என்னெண்டு சொல்லுறது?"

"வாயாலதான். கேற்றில எவ்வளவு பேசினனீங்கள்!"

ஒன்பது மணிக்கு வெளியே வந்தோம். விடத்தல்தீவுக்காரருக்கென்று ஒரு வான் நின்றது. கடைசி மகள் எனக்குக் கை காட்டினாள். ஜெசிந்தா அக்கா, "சரி தம்பி, குடும்பத்தில இருந்து இறங்கியாச்சு" என்று சிரித்தபடி கதவைச் சாத்தினார். வான் போன பின்னர் வீதியில் காற்றும் நானும் மட்டுமே இருந்தோம்.

விடுதி அறையிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுத்தம், ஆழம், உடைமாற்றும் அறை எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்துரைத்தேன். கடைசியாக, நடுவில் ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள் என்றேன்.

"கூப்பிட்டால் என்ன? இஞ்ச நோர்வேயிலயும் கூப்பிடுவினம்தானே?" என்றார் அக்கா. அவர் மீது குற்றமில்லை. அந்த ஆண்டில் அவர் அங்கே இருந்தார். நாங்கள் முகாமில் இருந்தோம். எனக்குத் தெரிந்த சொற்களில் ஒன்றுகூட அந்த இடைவெளியைத் தாண்டவில்லை. "நாளைக்குச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிப் பேருந்து. தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியின் இருபுறமும் கடல் வற்றிச் சேறு தெரிந்தது. அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று நூற்றுப் பதினைந்து கிலோமீற்றரும் யோசித்தேன். என்னிடம் முன்னுரைகள் ஏராளம் உண்டு. அவை எல்லாம் நடுவர்களுக்கும் அவையோருக்கும் உரியவை. ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் எனக்கு முன்னால் இருக்கும் ஒருவரிடம் பேசுவதற்கு எவரும் என்னைப் பயிற்றவில்லை. மன்னாரில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தோடு மூன்று மணி நேரத்தில் பேசியதை, சொந்த வீட்டில் நான்கு ஆண்டுகளாகப் பேசாதிருந்தேன்.

பதினொரு மணிக்கு வீடு சேர்ந்தேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"எப்பிடி, நல்ல இடமோ?"

"நல்ல இடம் அம்மா. ஆனா நடுவில பெரிய லைற் போட்டு, லவுட்ஸ்பீக்கரில எல்லாரையும் குடும்பமா வெளியில வரச் சொல்லுவினம். நேற்று எங்கட பக்கத்து ஆக்கள் எல்லாரும் வாசல்ல வரிசையில நிண்டிட்டினம். நானும் நிண்டனான். அட்டையைக் கையில எடுத்துக்கொண்டு நிண்டனான்."

துருவல் நின்றது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைப் பார்த்தார். பட்டியை நான் இன்னும் கழற்றியிருக்கவில்லை.

"எத்தினை மணிக்குக் கூப்பிடுவினம்?"

"ஏழரைக்கு."

"அந்த நேரம் எனக்குக் கிட்ட நில்" என்றார். "பிள்ளையளுக்கு முன்னால நான் ஓடக் கூடாது."

அவர் மறுபடி துருவத் தொடங்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, ஐந்து பேருக்கும் இடம் பதியச் சொன்னேன்.