எழுந்தேற்ற நேரத்தில் கத்திய கம்பி

எங்கள் ஊரான தாழ்வுபாட்டின் கோயிலில் பேஸ் கிற்றாரின் கடைசி அடியை அடித்துவிட்டு அண்ணன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிய விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பெரியம்மாவின் மகன். கொழும்பில் ஹோட்டல் ஒன்றில் வாசிக்கிறவர் என்ற ஒரே தகுதியில், பாடகர் குழுவில் மூன்று வருடமாக நான் வாசித்துவந்த கிற்றாரைத் திருவிழாப் பூசையன்று என் தோளிலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டவர். “உன்ர வாசிப்புச் செத்த வாசிப்படா. நான் ஸ்லாப் அடிக்கிறன், பார்,” என்றார்.

பார்த்தேன். கட்டைவிரலால் கம்பியை அறைவதும் அடுத்த விரலால் கொளுவி இழுத்துவிடுவதும் மட்டுமே ஸ்லாப் என்று நினைத்திருந்த மனிதர். அதில் பாதி வேலை அடிக்காத கம்பிகளை அடக்குவது. இடக்கையில் சும்மா நிற்கும் விரல்களைப் பட்டும் படாமலும் அவற்றின் மேல் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் கம்பியும் சேர்ந்து ஊளையிடும். கொழும்புக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? தலையை ஆட்டிப் படம் காட்டத்தான் தெரியும்.

பாட்டு முடிந்தது. பூசையின் உச்சமான எழுந்தேற்றத்தில் பாதர் அப்பத்தை உயர்த்த, கோயிலே முழந்தாளில் நின்றது. அண்ணனும் கிற்றாரைத் தொங்கவிட்டபடியே முழந்தாளிட்டு, கண்ணை மூடிக் கைகளைக் கூப்பினார். என்ன பக்தி! கம்பியில் ஒரு கையும் இல்லை. தடித்த கம்பி அதிர்ந்துகொண்டே இருந்தது. பின்னால் இருந்த ஸ்பீக்கர் அதை மேலும் கிளறிவிட, அந்த இரைச்சல் கடற்கரையில் மீனவர்களின் வாடிகள் வரை போனது. பொறுக்கமுடியாமல் நான் முழந்தாளாலேயே நகர்ந்துபோய் உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்தேன். ‘தொம்’ என்ற சத்தத்தோடு எல்லாம் நின்றது. எல்லாத் தலையும் திரும்பியது. அவர்கள் கண்டது என் கையைத்தான்.

பூசை முடிந்ததும் பாதர் விசாரித்தார். “இவன்தான் கம்பியைத் தொட்டவன், பாதர். பாவம், தெரியாது, மன்னிச்சு விடுங்கோ,” என்றார் அந்த உத்தமர். அதன்பின் அந்தக் கிற்றாரை ஒருவரும் என்னிடம் தரவில்லை.

இப்போது என் மகள் பேஸ் பழகுகிறாள். போன கிழமை ஒரு வீடியோவைக் கொண்டுவந்து காட்டினாள். தலை நரைத்த அண்ணன், ஸ்லாப் அடிக்கும்போது கம்பிகளை அடக்குவது எப்படி என்று உலகத்துக்குப் பாடம் நடத்துகிறார்! “ஊரிலை ஒருக்கா எழுந்தேற்ற நேரம் ஒரு பொடியன்ர கிற்றார் கத்தினது. நான்தான் முழந்தாளிலை போய்க் கையை வைச்சு நிப்பாட்டினனான்.” வெட்கம் கெட்ட மனிதர். என் கிற்றாரைப் பிடுங்கியது போதாதென்று, என் கையையும் அல்லவா தனதாக்கிக்கொண்டார்!

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆரப்பா அந்த மொக்கன்?”

“நான்தான் பிள்ளை,” என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்தவில்லை. நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.