சித்தப்பா கழற்றிய சட்டை

துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த நீலச் சட்டை அது. பம்புசெட்டில் மற்ற ஆண்கள் எல்லாம் வெற்று மார்போடு குளிக்க, அவர் மட்டும் அந்தச் சட்டையோடு தண்ணீரில் நிற்பார். எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதால் வாசலோடு கும்பிட்டுத் திரும்பிவிடுவார். "துபாய்க்காரருக்கு வெக்கத்தப் பாருடி" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். ஆறடிக்கு மேல் உயரம், நீளமான கைகால்கள், அரும்பு மீசைக்கு மேல் எதுவும் வளராத முகம். விடுமுறைக்கு வரும்போது எல்லாருக்கும் ஷேவிங் செட் வாங்கி வருவார், அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

அப்போது பேராவூரணிப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். காசு வந்தது, மாடி வந்தது. சித்தப்பா வீட்டில் எட்டு வருடமாகியும் குழந்தை மட்டும் வரவில்லை. பழி முழுக்கச் சித்தி தலையில் விழுந்தது. அவள் அரசமரம் சுற்றினாள், ராமேசுவரம் போனாள். அப்பா அவளை மூன்று டாக்டர்களிடம் அழைத்துப்போனார். மூவரும் புருஷனையும் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பா ஒவ்வொரு முறையும் டாக்டரைத்தான் மாற்றினார். "மலை மாதிரி நிக்கிறான். அவனுக்கு என்னத்தச் சோதிக்கிறது?" பெற்ற அப்பாவைப் பற்றி இப்படி எழுத எனக்குக் கசக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

அந்த விடுமுறையில் அப்பா வேறு பெண்ணே பார்த்துவிட்டார். சித்தியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவதாக முடிவு. சித்தப்பா தஞ்சாவூருக்கு மட்டும் இரண்டு முறை தனியாகப் போய்வந்தார். அப்பாவை எதிர்க்கப் பயந்துவிட்டார் என்று நினைத்து நான் அவரை வெறுத்தேன்.

பெண் வீட்டுக்கு நிச்சயத் தட்டு கிளம்பும் நாள். ஏழு தட்டுகளையும் சித்தியையே அடுக்கச் சொன்னார்கள். எவ்வளவு பெரிய அக்கிரமம்! கட்டிய பெட்டி பக்கத்தில் இருக்க, அவள் வெற்றிலையை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள். கூடத்தில் பங்காளிகள் நிறைந்திருந்தார்கள்.

"கெளம்புடா தம்பி" என்றார் அப்பா.

"தட்டக் கீழ வைங்கண்ணே. கொற அவகிட்ட இல்ல, எங்கிட்ட." சித்தப்பா பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "தஞ்சாவூர்ல ரத்தத்தச் சோதிச்சுட்டாங்க. ஆம்பளைக்கு எக்ஸ் ஒண்ணு, ஒய் ஒண்ணு இருக்கணுமாம். எனக்குப் பொறப்புலேயே எக்ஸ் ஒண்ணு கூட இருக்கு. விந்துல உயிரணுவே இல்ல."

"ஆம்பளைக்கு ஏதுடா கொற? எவனாச்சும் காச வாங்கிக்கிட்டு எழுதியிருப்பான்."

சித்தப்பா நீலச் சட்டையின் பொத்தான்களை அவிழ்த்தார். ஆணுக்கு இல்லாத சிறு மேடு இரண்டு, அவர் மார்பில். "பதினாலு வயசுலேர்ந்து இத மறைச்சேன். இனிமே இவ பேர எவனும் இழுக்கக் கூடாது." அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிது. ஆண்கள் நடுவில் வந்தே அறியாத சித்தி எழுந்துவந்தாள். முதல் தட்டை எடுத்து அப்பா முன்னால் நீட்டினாள். "தட்டு வீணாப் போக வேணாம் மாமா. பழம் எடுத்துக்கிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்க." ஒருவர் பாக்கியில்லாமல் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் இரண்டு பழம் தின்றேன். அவ்வளவு ருசியான வாழைப்பழம் அதற்குப்பின் எனக்குக் கிடைக்கவில்லை.

அவருக்கு ஹார்மோன் ஊசி தொடங்கினார்கள். உடம்புச் சோர்வு போனது, எலும்பு தேயாமல் இருக்கவும் அது வேண்டும் என்றார் டாக்டர். பிள்ளை இல்லை. அதற்காக யாரும் பெட்டி கட்டவும் இல்லை.

போன மாதம் ஊருக்குப் போனபோது சித்தப்பா வெற்று மார்போடு பம்புசெட்டுக்கடியில் உட்கார்ந்திருந்தார். "தண்ணிய விட்டு ஏறவே மாட்டேங்குறாரு ஒங்க சித்தப்பா" என்று கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள் சித்தி. அவள் கையில் மோட்டார் துடைக்கும் துணி இருந்தது. வெளுத்துப்போன நீலம். ஒரு பொத்தான் மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.